அசைந்த மீசையை நம்பி இழந்த 14 மாதங்கள்

அறுவை முடிந்த ஐந்தாம் நாள் காலை, 7-ஆம் எண் கூண்டில் இருந்த எலியின் வலப்பக்க மீசை அசைந்தது. மெல்லிய அசைவுதான். மூக்கைத் தூக்கிக் காற்றை மோப்பம் பிடித்தபடி அது கூண்டின் கம்பிகளை நோக்கி வந்தது. முந்தைய நாள்வரை கன்னத்தோடு பின்னால் படுத்துக் கிடந்த மயிர்கள் முன்னும் பின்னும் நடுங்குவதை என் கண்ணால் கண்டேன். முக நரம்பின் ஒரு கிளையை வெட்டித் தைத்து, தையலின் மேல் நரம்பு வளர்ச்சியைத் தூண்டும் ஒரு கூழைத் தடவியிருந்தேன். அந்தக் கூழ் வேலை செய்கிறது என்பதுதான் என் ஆய்வின் கருதுகோள். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நெறியாளரை அழைத்துக் காட்டினேன், படம் பிடித்தேன், கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். அந்த அசைவுக்கும் நான் தைத்த நரம்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. அதன் பிறகும் தவறுக்கு மேல் தவறு. மொத்தம் 14 மாதங்கள், 28 எலிகள், ஆய்வு நிதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயின. பணமும் காலமும் ஒருபுறம் இருக்கட்டும். எதையும் நிரூபிக்காமல் 28 உயிர்களை முடித்துவிட்டேன் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆய்வுக் கட்டுரைகளில் செய்முறைப் பகுதியைப் படித்தால் ‘மீசை அசைவும் கண் சிமிட்டலும் வாரந்தோறும் மதிப்பிடப்பட்டன’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை பள்ளங்கள் இருக்கின்றன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் துறையில் நரம்பு மறுவளர்ச்சியைப் பற்றி அறிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் எலியின் முகத்தில் அதை அளந்தவர்கள் ஒருவரும் இல்லை. தனியாகத்தான் தட்டுத் தடுமாறினேன். இந்த வேலையைத் தொடங்கப்போகிறவர் ஒருவராவது இதைப் படித்துவிட்டுக் கத்தியை எடுக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் பள்ளம் உடற்கூற்றில் இருந்தது. மனிதரைப் போலவே எலியிலும் முக நரம்பு, அதாவது ஏழாம் மண்டை நரம்பு, காதுக்குக் கீழே மண்டையோட்டின் துளை வழியாக வெளியே வந்து கிளை பிரிகிறது. ஒன்று காதுக்குப் பின்னால் போகிறது. நெற்றிப்பொட்டு, கன்ன எலும்பு ஆகியவற்றை நோக்கிப் போகும் கிளைகள் கண்ணிமையை மூடும் தசையைச் சென்றடைகின்றன. கன்னக் கிளை ஒன்று, கீழ்த்தாடை ஓரக் கிளை ஒன்று, கழுத்துக்கு ஒன்று. மீசைத் திட்டுக்குப் போவது கன்னக் கிளைதான் என்று நான் நினைத்திருந்தேன். அது பாதி உண்மை. எலியில் கீழ்த்தாடை ஓரக் கிளையும் மேலேறி வந்து, மீசைத் திட்டுக்குச் சற்று முன்னால் கன்னக் கிளையோடு சேர்ந்துகொள்கிறது. இரண்டில் ஒன்றை வெட்டினால் மற்றது அந்தத் தசைகளை ஓரளவு இயக்கிக்கொண்டுதான் இருக்கும். முதல் சில நாட்கள் மீசை சோர்ந்து கிடக்கும். பிறகு வெட்டப்படாத கிளை பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். ஐந்தாம் நாள் நான் கண்ட அற்புதம் இதுதான்.

கணக்குப் போட்டிருந்தாலே பிடிபட்டிருக்கும். வெட்டுப்பட்ட நரம்பிழை எலியில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் வளரும். தையலைக் கடப்பதற்கே சில நாட்கள் பிடிக்கும். பிறகு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பயணம், அதன் பிறகு தசையோடு புதிய இணைப்பு. ஐந்து நாளில் இது நடக்கவே நடக்காது. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததல்ல. தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆசை வந்தபோது அறிவு ஒதுங்கிக்கொண்டது, அவ்வளவுதான். நான்காம் மாதம், மின் உடலியங்கியல் பிரிவிலிருந்த ஒரு மூத்த ஆய்வாளர் என் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “எந்தக் கிளையை வெட்டினீர்கள்?” என்றார். சொன்னேன். “ஒன்று மட்டுமா?” என்று கேட்டுவிட்டு அமைதியாகிவிட்டார். அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அன்று மாலையே ஓர் எலியை மயக்கத்தில் வைத்து, தையல் போட்ட கிளையை மீண்டும் வெட்டினேன். மயக்கம் தெளிந்ததும் மீசை முன்போலவே அசைந்தது.

ஆகவே முதல் நாளே இதைச் செய்யுங்கள். அறுவை மேசையில் நரம்பைத் திறந்ததும் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு கிளையையும் கொக்கி மின்முனையால் மெதுவாகத் தூண்டி, எந்தத் தசை துடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மீசையை முழுதாகச் செயலிழக்க வைப்பதுதான் நோக்கமென்றால் இரண்டு கிளைகளையும், அல்லது அவை சேரும் இடத்திற்கு அப்பால் உள்ள நரம்பை வெட்டியாக வேண்டும். மறுநாள் விழித்த நிலையில் அசைவே இல்லை என்பதைப் படமெடுத்து உறுதி செய்துகொள்ளாத எந்த எலியையும் ஆய்வில் சேர்க்காதீர்கள். அதே சமயம், எதை வெட்டுகிறோம் என்பது என்ன கேள்வி கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. நரம்பிழைகள் வழிதவறி வேறு தசைக்குப் போவதை ஆராய விரும்பினால், கண்ணுக்கும் மீசைக்கும் போகும் இழைகள் ஒன்றாக ஓடும் அடித்தண்டையே வெட்ட வேண்டும். நசுக்குவது இன்னொரு வழி. ஆனால் நசுக்கப்பட்ட நரம்பின் உறை அறுபடாமல் இருப்பதால் சில வாரங்களில் அது பெரும்பாலும் தானாகவே மீண்டுவிடும். தானாக நன்றாக மீளும் ஒன்றில் உங்கள் மருந்து கூடுதலாக என்ன செய்தது என்று காட்டுவது கடினம்.

இரண்டாவது பள்ளத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். மனிதர்களின் முகவாதத்தை மதிப்பிட 1985-இல் வந்த ஹவுஸ்–பிராக்மன் அளவுகோல் இருக்கிறது, ஆறு நிலைகள் கொண்டது. நெற்றியைச் சுருக்கு, கண்ணை மூடு, பல்லைக் காட்டு என்று எலியிடம் சொல்ல முடியாது. அதனால் எலிக்கென்று கண் சிமிட்டலுக்கு ஒன்று, மீசைக்கு ஒன்று என ஐந்து படிநிலைகள் கொண்ட அளவுகோல்களைப் பயன்படுத்துகிறார்கள். அசைவே இல்லை, லேசான நடுக்கம், பெரிய நடுக்கம், அசைவு உண்டு ஆனால் மீசை பின்தங்கி நிற்கிறது, இரு பக்கமும் சமம் என்று போகும். நானும் அதையே வைத்துக்கொண்டேன். ஆனால் எந்த எலிக்குக் கூழ் தடவினேன், எதற்குத் தடவவில்லை என்று தெரிந்துகொண்டே மதிப்பெண் போட்டேன். மூன்றா நான்கா என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் கூழ் தடவிய எலிக்கு நான்கும், தடவாத எலிக்கு மூன்றும் விழுந்திருக்கின்றன. ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. பின்னர் கூண்டு எண்களை மறைத்து, வீடியோக்களைக் கலைத்துப்போட்டு, இன்னொருவரோடு சேர்ந்து மறுபடி மதிப்பிட்டபோது இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு கரைந்து காணாமல் போனது. ‘கண்ணால் காண்பதும் பொய்’ என்று சொல்லிவிட்டுப் போன பெரியவர்கள் என் ஆய்வகத்துக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார்களோ என்றிருந்தது.

கண்ணால் போடும் மதிப்பெண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறுவைக்குப் பிறகு நாள்தோறும் எலியின் நிலையைக் கவனிக்க அது போதும், செலவும் இல்லை. ஆனால் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு அதை மட்டும் ஆதாரமாக வைக்கக் கூடாது. வைத்தே ஆக வேண்டுமென்றால் நேரில் பார்த்துப் போடாதீர்கள். படமெடுத்து, அடையாளத்தை மறைத்து, இருவர் தனித்தனியே போட்டு, இருவரும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறார்கள் என்பதையும் கணக்கிட்டு வெளியிடுங்கள். விலங்கு ஆய்வுகளை எழுதுவதற்கென்று 2010-இல் வந்து 2020-இல் திருத்தப்பட்ட அரைவ் வழிகாட்டுதல்கள் இதைத்தான் கேட்கின்றன. குழு பிரித்தது எப்படி, மதிப்பிட்டவருக்குக் குழு தெரியுமா, எத்தனை விலங்குகள், ஏன் அத்தனை என்பதை எல்லாம் எழுதச் சொல்கின்றன. கட்டுரை எழுதும்போது நிரப்பும் படிவம் அது என்று நினைத்திருந்தேன். ஆய்வைத் திட்டமிடும்போதே அதை எடுத்து வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாம் தொகுதியில் 12 எலிகள். இம்முறை இரு கிளைகளையும் வெட்டினேன், குழு அடையாளத்தை மறைத்தேன், வீடியோவிலிருந்து கோணத்தை அளப்பது என்று முடிவு செய்தேன். கையில் இருந்த சாதாரண கேமராவையே பயன்படுத்தினேன். நொடிக்கு 30 படம் எடுப்பது. இங்கேதான் அடுத்த ஐந்து மாதங்கள் போயின. எலி எதையாவது தேடி முகர்ந்துகொண்டே போகும்போது மீசையை நொடிக்கு 5 முதல் 10 தடவைவரை முன்னும் பின்னும் வீசும். சுண்டெலி இன்னும் வேகமாக வீசும். நொடிக்கு 7 வீச்சு என்று வைத்துக்கொண்டால், 30 படத்தில் ஒரு வீச்சுக்கு நான்கு படம்தான் கிடைக்கும். மீசை முழுதாக முன்னே போன அந்தக் கணம் இரண்டு படங்களுக்கு நடுவில் விழுந்துவிடும். கிடைத்த படத்திலும் மயிர் ஒரு மங்கலான விசிறியாகத்தான் தெரியும். நல்ல பக்கத்தின் வீச்சைக் குறைவாக அளந்தேன். சோர்ந்த பக்கம் மெதுவாக அசைந்ததால் அதைச் சரியாகவே அளந்தேன். விளைவு, இரு பக்கங்களுக்கும் இடையிலான இடைவெளி குறைந்து, எல்லா எலிகளும் தேறிவருவதுபோலத் தோன்றியது. கருவியின் குறை ஒரு பக்கத்தை மட்டும் பாதிக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

நொடிக்கு 500 படம் எடுக்கும் கேமரா கிடைத்தால் ஒரு வீச்சுக்கு 70 படம் கிடைக்கும், தாராளம். அது இல்லையென்றால் 200 படமாவது எடுங்கள். அதோடு ஒவ்வொரு படத்துக்கும் ஒளி புகும் நேரத்தை மிகக் குறைவாக வையுங்கள். அப்படி வைத்தால் வெளிச்சம் போதாது, அதற்காகப் பளீரென்ற விளக்கை எலியின் முகத்துக்கு நேரே அடித்தால் அது மூலையில் முடங்கிவிடும். இரவில் இயங்கும் பிராணி அல்லவா. அகச்சிவப்பு விளக்கை எலியின் உடலுக்குக் கீழே, ஒளியைப் பரப்பும் தகட்டுக்கு அடியில் வைத்து, கேமராவை நேர் மேலே பொருத்துவதுதான் எனக்குக் கைகொடுத்தது. அந்த ஒளி எலியின் கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாது. வெள்ளை எலியின் மீசையும் வெள்ளை. மேலிருந்து ஒளி பட்டால் அது தரையோடு கலந்து மறைந்துவிடும். கீழிருந்து ஒளி வந்தால் ஒவ்வொரு மயிரும் கறுப்புக் கோடாக எழுந்து நிற்கும். முதன்முதலாக அந்தக் காட்சியைத் திரையில் பார்த்த அன்று, ஐந்து மாதங்களாக நான் எதை அளந்துகொண்டிருந்தேன் என்று நினைத்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வீச்சின் உச்சியில் மயிர் ஒரு கணம் நின்று, வளைந்து, திரும்புவதுகூடத் தெரிந்தது.

கோணத்தை எதிலிருந்து அளப்பது என்பதும் முக்கியம். எலி தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். மூக்கு நுனியையும் இரு கண்களின் நடுப்புள்ளியையும் சேர்க்கும் கோட்டை அடிப்படையாக வைத்து ஒவ்வொரு படத்திலும் மீசையின் கோணத்தைக் கணக்கிட வேண்டும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தால் மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அந்தப் பக்கக் கோணம் பொய்யாகத் தெரியும். அத்தகைய படங்களைத் தயங்காமல் ஒதுக்குங்கள். ஒரு பக்கம் செயலிழந்த எலியின் மூக்கு நுனியே நல்ல பக்கத்தை நோக்கி இழுபடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கோட்டின் ஒரு முனையே நகர்ந்துவிடுகிறது. அதனால் நான் இப்போது மூக்கை விட்டுவிட்டு இரு கண்களை மட்டும் இணைத்து, அதற்குச் செங்குத்தான கோட்டைப் பயன்படுத்துகிறேன். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்று மண்டையோட்டில் ஒரு சிறு தாங்கியைப் பொருத்தித் தலையை அசையாமல் நிறுத்தி அளப்பவர்களும் இருக்கிறார்கள். மிகத் துல்லியமான அளவீடு அதில்தான் கிடைக்கிறது. ஆனால் அதற்கும் ஓர் அறுவை வேண்டும், அதன் பிறகு எலி அந்த நிலைக்குப் பழகவும் நாட்கள் வேண்டும். அவசரப்பட்டுப் பழக்காத எலியை நிறுத்தினால் அது மீசையை வீசாது, உறைந்துபோய் நிற்கும். அசைவு இல்லை என்று நீங்கள் எழுதுவது நரம்பின் குறையை அல்ல, அதன் பயத்தைத்தான். நான் ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள் என்று தொடங்கி இரண்டு வாரம் கையில் எடுத்துப் பழக்கிய பிறகுதான் எலிகள் இயல்பாக முகரத் தொடங்கின.

எந்த மயிரை அளப்பது? மீசை ஐந்து வரிசைகளாக அமைந்திருக்கிறது. மேலிருந்து கீழாக ஏ முதல் இ வரை பெயரிடுகிறார்கள். நடு வரிசையான சி-யின் முதல் மயிர் நீளமானது, பின்தொடர எளிது என்பதால் பலரும் அதையே எடுக்கிறார்கள். நானும் அதையே எடுத்தேன். மூன்றாம் வாரம் இரண்டு எலிகளுக்கு அந்த மயிரே இல்லை. கூண்டில் உடனிருந்த எலி கடித்து அடியோடு எடுத்திருந்தது. கொறிப்பிராணிகளிடம் உள்ள பழக்கம் இது, சுண்டெலிகளிடம் இன்னும் அதிகம். அது இல்லாவிட்டாலும் மயிர் தானாக உதிர்ந்து புதிதாக முளைக்கும். எனவே ஒன்றை மட்டும் நம்பாமல் பக்கத்துக்கு மூன்று மயிர்களையாவது அளவிடுங்கள். படமெடுக்கும் நாளுக்கு முந்தைய நாள் மாலை ஒவ்வொரு எலியின் முகத்தையும் எடுத்துப் பாருங்கள்.

கணினியே மயிரைப் பின்தொடரட்டும் என்று 2018-இல் வெளிவந்த டீப்லேப்கட் போன்ற மென்பொருளை நாடினால் வாரக்கணக்கான கைவேலை மிச்சமாகும். ஆனால் பயிற்சிக்குக் கொடுக்கும் படங்களில் செயலிழந்த முகங்களும் இருக்க வேண்டும். நான் அறுவைக்கு முன் எடுத்த படங்களை மட்டும் கொடுத்துப் பயிற்றினேன். பின்னால் சாய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் மயிர்களை அதற்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்து மயிருக்குத் தாவித் தாவிப் போனது. அந்தத் தாவல்கள் வரைபடத்தில் அழகான வீச்சுகளாகத் தெரிந்தன. அசையாத மீசைக்கு அசைவு இருப்பதாக மென்பொருள் சொன்னதை நான் நம்பினேன். குத்துமதிப்பாகச் சில வீடியோக்களையாவது கையால் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கண் சிமிட்டல் எளிது என்று நினைத்தேன். ஒரு ரப்பர் குமிழை அழுத்திக் கண்ணில் காற்றை ஊதினால் இமை மூடும், நரம்பு போயிருந்தால் மூடாது. ஆனால் அடித்தண்டையே வெட்டிய எலியின் கண்ணும் காற்று பட்டதும் பாதி மூடியது. நரம்பு தவறி எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அதை மறுபடி திறந்துகூடப் பார்த்தேன். ஒட்டவில்லை. பிறகு கண்ணை மட்டும் நெருக்கத்தில் படமெடுத்து மெதுவாக ஓட்டினேன். இமை தானாக மூடவில்லை. கண்விழி குழிக்குள் உள்வாங்கியது, அதன்மேல் கிடந்த இமை ஆதரவில்லாமல் கூடவே சரிந்தது. எலிக்குக் கண்விழியை உள்ளிழுக்கும் தசை ஒன்று உண்டு. அதை இயக்குவது ஆறாம் நரம்பு. ஏழாம் நரம்புக்கு அதில் பங்கே இல்லை. பாதி மூடும் கண்ணுக்கு நான் கொடுத்த மதிப்பெண்கள் எல்லாம் வேறொரு நரம்புக்குப் போய்ச் சேர்ந்தன. இமை விளிம்புகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள், பாதி மூடலுக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். காற்றை ஊதும்போது குமிழின் ஓசைக்கே எலி திடுக்கிட்டுக் கண்ணைச் சுருக்கும். ஆகவே காற்றைக் கண்ணில் படாமல் வேறு பக்கமாக ஊதியும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

இவ்வளவும் ஆனபின், மனம் நொந்து, மின் அளவீடு ஒன்றுதான் பொய் சொல்லாது என்று அதன் பக்கம் போனேன். நரம்பைத் தூண்டி, மீசைத் திட்டில் ஊசி மின்முனை வைத்துத் தசையின் மின் அலையைப் பதிவு செய்வது. அலையின் உயரம் எத்தனை தசையிழைகள் இயங்கின என்பதைக் காட்டும், தூண்டலுக்கும் அலைக்கும் இடையிலான தாமதம் இழைகளின் உறை எவ்வளவு தேறியது என்பதைக் காட்டும். முதல் நாள் காலையில் அளந்த எலிகளைவிட மாலையில் அளந்தவற்றுக்குத் தாமதம் அதிகம். கூழ் தடவாத எலிகள் தற்செயலாக மாலையில் வந்திருந்தன. மறுபடியும் கூழ் வென்றுவிட்டதாக ஒரு நாள் மகிழ்ந்தேன். காரணம் வெப்பம். மயக்க மருந்து கொடுத்த எலியின் உடல் வேகமாகக் குளிரும். குளிர்ந்த நரம்பில் செய்தி மெதுவாகப் போகும், அலையின் வடிவமும் மாறும். மாலையில் வெப்பத் தட்டு அணைந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. மலக்குடலில் வெப்பமானி வைத்து, 37 டிகிரியில் நிறுத்திய பிறகே அளக்கத் தொடங்குங்கள். திறந்து வைத்த நரம்பும் உலர்ந்து குளிரும், அதை இளஞ்சூடான உப்புநீரால் நனைத்துக்கொண்டே இருங்கள். எந்த எலி எந்த வேளையில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யுங்கள்.

மின்னோட்டத்தைப் பற்றியும் ஒன்று. அலை இனி உயராது என்ற எல்லையைத் தொட்டபின் இன்னும் 20 சதவீதம் கூட்டி அந்த அளவில் பதிவு செய்வது வழக்கம். எல்லா இழைகளும் தூண்டப்படுகின்றன என்பதற்கு அதுதான் உத்தரவாதம். ஆனால் அளவு மீறினால் மின்னோட்டம் பக்கத்தில் கசிந்து மெல்லும் தசையைத் தூண்டிவிடும். அது ஐந்தாம் நரம்பின் தசை. அதன் அலை பெரியது, மீசைத் திட்டில் வைத்த ஊசிவரை எட்டும். தாடை துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். துடித்தால் அந்தப் பதிவை நம்பாதீர்கள். ஒவ்வொரு எலியிலும் நல்ல பக்கத்தையும் அதே நாளில், அதே தூரத்தில் மின்முனை வைத்து அளந்து விகிதமாகச் சொல்லுங்கள். தசைத் தளர்த்தி மருந்தைத் தப்பித்தவறியும் பயன்படுத்தாதீர்கள், அது நரம்பும் தசையும் சேரும் இடத்தையே அடைத்துவிடும்.

இதையெல்லாம் சரிசெய்தும் ஒரு புதிர் மிஞ்சியது. மின் அலை நன்றாக மீண்டிருந்த எலிகளின் மீசை அப்படியே சோர்ந்து கிடந்தது. இங்கேதான் நான் இந்த நரம்பைப் பற்றி உண்மையில் எதையாவது கற்றுக்கொண்டேன். தசைக்கு நரம்பு வந்து சேர்ந்துவிட்டதா என்பதற்கு மட்டுமே மின் அலை பதில் சொல்லும். சரியான நரம்பு வந்ததா என்று அது சொல்லாது. வெட்டுப்பட்ட இழைகள் வளரும்போது வழி மாறுகின்றன. மீசையை முன்னே தள்ளும் தசைக்குப் போக வேண்டியது பின்னே இழுக்கும் தசைக்குப் போகிறது. ஒரே இழை கிளைத்து இரண்டுக்கும் போவதும் உண்டு. இரு தசைகளும் ஒரே நேரத்தில் சுருங்கினால் மயிர் எங்கும் போகாது, நின்ற இடத்திலேயே நடுங்கும். கண்ணுக்குப் போக வேண்டிய இழை மீசைக்கு வந்தால், கண்ணில் காற்றை ஊதும்போது மீசை துடிக்கும். முகவாதத்திலிருந்து மீண்ட மனிதர்களுக்குச் சிரிக்கும்போது கண் மூடிக்கொள்வது இதனால்தான். அதனால் இப்போது கண்ணையும் மீசையையும் ஒரே வீடியோவில் பிடிக்கிறேன். எத்தனை தடவை வீசுகிறது என்ற எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் தாளம் மூளைத்தண்டிலிருந்து வருவது, நரம்பு மோசமாக மீண்டாலும் அது பெரும்பாலும் மாறாமல் இருக்கும். எவ்வளவு தூரம் வீசுகிறது, ஓய்வில் எங்கே நிற்கிறது என்பவைதான் நரம்பின் கதையைச் சொல்கின்றன.

புள்ளியியலில் நான் செய்ததையும் மறைக்கவில்லை. ஓர் எலியின் 200 வீச்சுகளை 200 தனித் தரவுகளாகக் கணக்கில் எடுத்தேன், எல்லாமே ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்று வந்தது. எலிதான் அலகு, வீச்சு அல்ல. ஓர் எலிக்கு ஓர் எண். இதைத் தெரிந்துகொண்டபோது ஆறு எலி கொண்ட குழுவால் நான் எதையும் சொல்லியிருக்கவே முடியாது என்பதும் புரிந்தது. நெறிமுறைக் குழுவிடம் குறைந்த எண்ணிக்கையைக் கேட்டால் விலங்குகளிடம் கருணையோடு இருப்பதாக நினைத்தேன். பதில் தராத அளவுக்குக் குறைவாக எடுப்பது, எடுத்த அத்தனையையும் வீணாக்குவது. சில எலிகளில் மட்டும் முன்னோட்டம் பார்த்து, அளவீட்டில் எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். அறுவைக்கு முன் ஒவ்வொரு எலியையும் மூன்று தனித்தனி நாட்களில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பக்கம் இருக்கிறதே, அதோடு ஒப்பிட்டால் போதாதா என்று நானும் கேட்டவன்தான். ஒரு பக்கம் செயலிழந்தால் மறுபக்கம் வீசும் விதமும் மாறுகிறது. அந்த எலியின் பழைய முகத்தைத் தவிர வேறு நல்ல ஒப்பீடு இல்லை.

மூன்றாம் தொகுதி இப்போது 16-ஆம் வாரத்தில் இருக்கிறது. கூழ் தடவிய எலி எது, தடவாதது எது என்று எனக்குத் தெரியாது. உறையிலிட்டு ஒட்டப்பட்ட தாள் நெறியாளரின் அலமாரியில் இருக்கிறது. இரு கிளைகளும் வெட்டப்பட்ட ஓர் எலியின் மீசை சென்ற வாரம் சற்று அதிகமாகவே அசைந்தது. முன்பு போல மனம் துள்ளியதை மறைக்க மாட்டேன். ஆனால் இம்முறை குறிப்பேட்டில் அதன் எண்ணுக்கு நேரே ஒரு வரி மட்டும் எழுதினேன். கடைசி நாளில் மயக்கத்தில் வைத்து, தைத்த இடத்துக்கு மேலே நரம்பை மீண்டும் வெட்டி, விழித்ததும் படமெடுக்க வேண்டும். அசைவு நின்றால்தான் அது நான் தைத்த நரம்பின் அசைவு. அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியை இம்முறை தொடக்கத்திலேயே வாங்கி வைத்திருக்கிறேன்.